ஃப்ராங்கன்ஸ்டைன் யார் பெயர்? திரைப் பூதங்களின் பெயர்க் குழப்பம்

2024 டிசம்பரில் 'நோஸ்ஃபெராட்டு', 2025 நவம்பரில் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்று பழைய திகில் கதைகள் புதுப் படங்களாகத் திரும்பி வந்தன. கூடவே பழைய வழக்கும் வந்தது. "ஃப்ராங்கன்ஸ்டைன் மூஞ்சியைப் பார்த்தாலே பயமா இருக்கு" என்பார் ஒருவர். "அது டாக்டரோட பேரு, பூதத்துக்குப் பேரே கிடையாது" என்று திருத்துவார் இன்னொருவர். திருத்தியவர் சொன்னதிலும் ஒரு பிழை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

டிராகுலாவும் நோஸ்ஃபெராட்டுவும் ஒரே ஆளா? மம்மிக்குப் பெயர் உண்டா? 'கிங்' காங்குக்கு முடி சூட்டியது யார்? இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரி நேர்ந்த குழப்பங்கள்தான். தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அது போஸ்டரில் இருக்கும் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு பிய்க்க முடியாது.

## முதலில் மூன்று சொற்கள்

1. இயற்பெயர்: ஒரு பாத்திரத்துக்கு மட்டுமே உரியது. டிராகுலா இயற்பெயர்.
2. பட்டப்பெயர்: பதவியையோ பெருமையையோ சொல்வது. 'பிரபு' டிராகுலா, 'கிங்' காங்.
3. இனப்பெயர்: ஒரு வகை முழுவதையும் குறிப்பது. வாம்பயர், மம்மி, ஸோம்பி எல்லாம் இந்த வகை. நம் ஊர்க் காட்டேரியும் அப்படித்தான்.

குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்ததால் வந்தவை. ஃப்ராங்கன்ஸ்டைன் விஷயத்தில் நடந்தது கொஞ்சம் வேறு. அங்கே ஓர் ஆளின் பெயர் இன்னோர் ஆளிடம் போய்விட்டது.

## பெயர் வைக்கப்படாத பிள்ளை

மேரி ஷெல்லியின் நாவல் 1818 ஜனவரி 1 அன்று லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அச்சிட்டது 500 படிகள். கதையில் ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது ஜெனீவாவில் வாழும் ஒரு வசதியான குடும்பத்தின் பெயர். மூத்த மகன் விக்டர் படிப்பதற்காக இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். அங்கே பிணம் அறுக்கும் கூடத்திலும் கசாப்புக் கொட்டிலிலும் பொறுக்கிச் சேர்த்த உறுப்புகளை வைத்து ஓர் உருவம் செய்கிறான். ஒரு நவம்பர் இரவு அது கண் திறக்கிறது. அந்தக் கண்ணைப் பார்த்த நொடியில் விக்டர் அறையை விட்டு ஓடிவிடுகிறான்.

தொட்டிலில் போட்டு, காதில் மூன்று முறை பெயர் சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்தப் பூதம் பெயரில்லாமலே வளர்கிறது. தானே மொழி கற்றுக்கொள்கிறது, மில்டனின் காவியத்தை வாசிக்கிறது, பிறகு தன்னைப் படைத்தவனைத் தேடிப் போய் நியாயம் கேட்கிறது. "நான் உன் ஆதாமாக இருந்திருக்க வேண்டியவன்" என்று அது சொல்வதை வைத்துக்கொண்டு அதன் பெயரே ஆதாம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஏக்கத்தில் சொன்ன உவமை. விக்டர் அதைக் கூப்பிடுவதெல்லாம் பேய், பிசாசு, அற்பப் பிறவி என்றுதான். பெயரில்லாமை இந்த நாவலில் ஆசிரியர் மறந்துபோன விஷயமல்ல. விக்டர் மீதான குற்றப்பத்திரிகையில் அதுதான் முதல் வரி என்பேன்.

ஆசிரியரின் பெயருக்கும் இதே கதிதான். முதல் பதிப்பில் எழுதியவர் பெயர் இல்லை. முன்னுரை எழுதியது கணவர் பெர்சி ஷெல்லி என்பதால் நாவலும் அவருடையதே என்று பலர் நினைத்தார்கள். 1931இல் ஹாலிவுட் படமாக்கியபோதுகூட டைட்டிலில் 'திருமதி பெர்சி ஷெல்லி' என்றே போட்டார்கள்.

## பெயர் கைமாறிய வழி

1. 1823, மேடை. ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் நாவலை நாடகமாக்கி லண்டனில் போட்டார். பூதமாக நடித்தவர் டி. பி. குக். நாடக நோட்டீசில் பாத்திரங்களின் பெயர் ஒரு பக்கம், நடிகர்களின் பெயர் மறுபக்கம். குக் பெயருக்கு எதிரே மட்டும் பெயருக்குப் பதில் வெறும் கோடு. ஆகஸ்ட் மாதம் நாடகத்தைப் பார்த்த மேரி ஷெல்லி, பெயர் சொல்லக் கூடாததைப் பெயரில்லாமலே குறித்த அந்த உத்தியை ரசித்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் பார்வையாளர் கண்ணில் பட்டது என்ன? நோட்டீசின் தலையில் ஃப்ராங்கன்ஸ்டைன், மேடையின் நடுவில் பூதம். கோட்டை எப்படி வாயால் சொல்வது? தலைப்பைத்தான் சொல்ல முடியும்.

2. 1838, 1848, எழுத்து. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டன் சிசிலி பயணத்தில் கண்ட கோவேறு கழுதைகளை விலங்குலகின் ஃப்ராங்கன்ஸ்டைன்கள் என்று எழுதியது 1838இல். எலிசபெத் காஸ்கெல் தன் முதல் நாவலில் ஃப்ராங்கன்ஸ்டைன் என்று பூதத்தையே குறிப்பிட்டது 1848இல். சினிமா பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. 'சினிமாதான் கெடுத்தது' என்ற வழக்கமான புகார் இங்கே செல்லாது.

3. 1927, மீண்டும் மேடை. பெகி வெப்ளிங் எழுதிய நாடகத்தில் படைத்தவனே தன் பெயரைப் பூதத்துக்குச் சூட்டிவிடுகிறான். யுனிவர்சல் நிறுவனத்தின் படத்துக்கு நாவலோடு இந்த நாடகமும் மூலம்.

4. 1931, திரை. ஜேம்ஸ் வேல் இயக்கம், பூதமாக போரிஸ் கார்லாஃப். 1823இன் கோட்டுக்கு மரியாதை செய்வதுபோல, தொடக்க டைட்டிலில் பூதம் என்ற பாத்திரத்துக்கு எதிரே நடிகர் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறி. கடைசியில்தான் கார்லாஃப் பெயர் வருகிறது. ஆனால் தட்டைத் தலையும் கழுத்தில் ஆணியுமாக ஜாக் பியர்ஸ் போட்ட அந்த ஒப்பனை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. தலைப்பும் முகமும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன.

5. 1935, மணமகள். இரண்டாம் படத்தின் தலைப்பு 'ஃப்ராங்கன்ஸ்டைனின் மணமகள்'. பூதத்துக்காகச் செய்யப்படும் பெண்தான் அந்த மணமகள் என்றால், மாப்பிள்ளை பெயர் ஃப்ராங்கன்ஸ்டைன் என்றாகிறது. விஞ்ஞானியின் மனைவி எலிசபெத்தும் படத்தில் இருக்கிறாள் என்பதால் இரண்டு பக்கமும் வாதாடலாம்.

1939இல் வந்த மூன்றாம் படத்துக்குள் இந்தக் குழப்பத்தை வைத்தே ஒரு கிண்டல் இருக்கிறது. விஞ்ஞானியின் மகன் ரயிலில் போய்க்கொண்டே, அப்பா செய்த அந்தக் கோர உருவத்தைப் பத்தில் ஒன்பது பேர் எங்கள் குடும்பப் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று நொந்துகொள்ள வாயெடுக்கிறான். அந்தப் பெயரை அவன் சொல்லும் முன்பே, ரயில் ஊழியர் அடுத்த ஸ்டேஷன் பெயரைக் கூவுகிறார்: "ஃப்ராங்கன்ஸ்டைன்!"

## திருத்துகிறவர்களின் பிழைகள்

'அது டாக்டர் பெயர்' என்ற திருத்தத்துக்கு வருவோம். நாவலில் விக்டர் ஒரு மாணவன். வைத்தியம் பார்த்தவனும் அல்ல, பட்டம் வாங்கியவனும் அல்ல. டாக்டர் பட்டம் மேடையும் சினிமாவும் அவனுக்குக் கொடுத்த கௌரவம்.

முன்பெயரிலும் சிக்கல். நாவலில் விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைன், அவன் நண்பன் ஹென்றி கிளெர்வல். 1931 படத்தில் விஞ்ஞானி ஹென்றி, நண்பன் விக்டர். ஏன் மாற்றினார்களோ, படத்தை மட்டும் பார்த்தவரும் நாவலை மட்டும் படித்தவரும் சந்தித்தால் பேச்சு நகராது.

அப்புறம் ஈகோர். கூன் விழுந்த முதுகோடு, நெம்புகோலை இழுக்கும் ஆய்வக உதவியாள் ஈகோர்தானே? நாவலில் உதவியாளே கிடையாது. 1931 படத்தின் கூன் முதுகு உதவியாளன் பெயர் ஃபிரிட்ஸ். அந்தப் பெயரும் 1823 நாடகத்து வேலைக்காரனிடமிருந்து வந்ததுதான். ஈகோர் வருவது 1939 படத்தில். அங்கே அவன் தூக்கில் போட்டும் சாகாமல் கழுத்து முறிந்து பிழைத்த ஒரு கொல்லன். நடித்தவர் பேலா லுகோஸி. ஃபிரிட்ஸின் முதுகும் ஈகோரின் பெயரும் பொதுஜன நினைவில் ஒன்றாகக் கலந்து, 1974இல் வந்த மெல் புரூக்ஸின் பகடிப் படத்தில் நிலைபெற்றுவிட்டன.

அப்படியானால் பூதத்தை ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது தவறா? 1818இன் நாவலைப் பற்றிப் பேசினால் தவறு. சினிமா உருவத்தைப் பற்றிப் பேசினால், இருநூறு வருடப் புழக்கத்தை வெறும் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு வாதமும் உண்டு. பிள்ளை தகப்பனின் குடும்பப் பெயரைச் சுமப்பது ஐரோப்பிய வழக்கம். விக்டர் பெற்றவன் என்றால் அது ஃப்ராங்கன்ஸ்டைன் வீட்டுப் பிள்ளைதான். நம் வழக்கப்படி பார்த்தால் கதை இன்னும் சோகம்: பெயர் எழுத வேண்டிய இடம் காலி, இனிஷியல் மட்டும் இருக்கிறது.

பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் 1957இல் தொடங்கிய வரிசையில் இந்தக் குழப்பமே எழாது. அங்கே படத்துக்குப் படம் புதுப்புது பூதங்கள் வரும், சாகும். தொடர்ந்து வருவது பீட்டர் குஷிங் நடித்த ஃப்ராங்கன்ஸ்டைன் பிரபு மட்டுமே. முகமும் பெயரும் ஒரே ஆளிடம்.

## டிராகுலா: இங்கும் தகப்பன் பெயர்தான்

1408இல் ஹங்கேரி மன்னர் சிகிஸ்மண்ட் 'டிராகன் சபை' என்ற வீரர் அமைப்பைத் தொடங்கினார். 1431இல் அதில் சேர்ந்த விளாத், ஊர் திரும்பியபின் 'டிராகுல்' என்று அழைக்கப்பட்டார். அவர் மகன் மூன்றாம் விளாத் 'டிராகுலா', அதாவது டிராகுலின் பிள்ளை. இவர் ஆண்ட நாடு வல்லாக்கியா, இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதி. எதிரிகளைக் கழுவேற்றியதால் 'கழுவேற்றி விளாத்' என்ற பெயர் வரலாற்றில் நின்றது.

'நிஜ டிராகுலா இவர்தான், ஸ்டோக்கர் இவர் வாழ்க்கையைத்தான் நாவலாக்கினார்' என்பது பரவலான நம்பிக்கை. 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் கைப்பட எழுதிய குறிப்புகள் பிலடெல்ஃபியாவின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பிரபுவுக்கு முதலில் வைத்த பெயர் 'வாம்பிர்'. ரத்தம் குடிப்பவனுக்கு ரத்தம் குடிப்பவன் என்றே பெயர். இனப்பெயரையே இயற்பெயராக்கிய சோம்பேறித்தனம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அதை அடித்துவிட்டு மேலே 'டிராகுலா' என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பெயர் கிடைத்த இடம் விட்பி என்ற கடற்கரை ஊரின் நூலகம். 1890 கோடையில் அங்கே வில்லியம் வில்கின்சன் என்ற முன்னாள் தூதரக அதிகாரி 1820இல் எழுதிய வல்லாக்கியா பற்றிய நூலை எடுத்துப் படித்தார். அதன் அடிக்குறிப்பு ஒன்று, அந்நாட்டு மொழியில் டிராகுலா என்றால் சாத்தான் என்றது. ஸ்டோக்கர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். விளாதின் இயற்பெயரோ கழுவேற்றியதோ அவர் குறிப்புகளில் இல்லை. டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதும் இல்லை. நாவலின் பிரபு தன்னைச் செக்கேய் இனத்தவன் என்று சொல்லிக்கொள்கிறான், நிஜ விளாத் அந்த இனமே அல்ல. வரலாற்றிலிருந்து கடன் வாங்கியது பெயரும் துருக்கியரோடு போரிட்ட ஒரு வரிச் செய்தியும், அவ்வளவுதான்.

## நோஸ்ஃபெராட்டு ஆள் பெயர் அல்ல

1922 ஜெர்மன் படத்தில் மொட்டைத் தலையும் எலிப் பற்களுமாக வருபவன் பெயர் ஓர்லோக் பிரபு. நோஸ்ஃபெராட்டு என்பது அவன் வகையைக் குறிக்கும் சொல். எமிலி ஜெரார்ட் என்ற எழுத்தாளர் 1885இல் டிரான்சில்வேனிய நம்பிக்கைகள் பற்றி எழுதிய கட்டுரையில் ரத்தக் காட்டேரிக்கு அந்த ஊர்ப் பெயர் இது என்றார். ஸ்டோக்கர் அதை நம்பி நாவலில் சேர்த்தார். சிக்கல் என்னவென்றால் ருமேனிய மொழியில் அப்படி ஒரு சொல் இல்லை. 'சகிக்க முடியாதவன்' என்றோ 'அசுத்தமானவன்' என்றோ பொருள்படும் ஏதோ சொல் காதில் தவறாக விழுந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். ஆக, தவறாகக் கேட்ட இனப்பெயர் தலைப்பாகி, தலைப்பு ஒரு முகத்தின் பெயரானது.

## மம்மிக்குப் பெயர் உண்டு, அதுவும் இரண்டு

மம்மி என்பது பதப்படுத்திய உடலைக் குறிக்கும் பொதுச்சொல். 1932 படத்தில் கார்லாஃப் நடித்த பாத்திரம் இம்ஹோடெப். படத்தில் அவன் கட்டுத்துணியோடு தெரிவது தொடக்கத்தில் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் ஆர்தத் பே என்ற பெயரில், நீள அங்கியில் கண்ணியமாக நடமாடுகிறான். துணி சுற்றிய உடம்போடு காலை இழுத்து இழுத்து வரும் மம்மி வேறு ஆள். அவன் பெயர் காரிஸ், வந்தது 1940இல்.

நிஜ இம்ஹோடெப் சுமார் 4,600 வருடங்களுக்கு முன், ஜோசர் மன்னனின் அரசவையில் இருந்தவர். சக்காராவின் படிக்கட்டுப் பிரமிடை வடிவமைத்தவர் என்று போற்றப்படுபவர். பிற்கால எகிப்தியர் அவரைக் குணப்படுத்தும் தெய்வமாகவே கும்பிட்டார்கள். தெய்வத்தைப் பேயாக்கியதற்கு இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை.

## காட்ஸில்லாவில் கடவுள் இல்லை

1954 ஜப்பானியப் படத்தில் அதன் பெயர் கோஜிரா. கொரில்லாவைக் குறிக்கும் 'கொரிரா'வும் திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா'வும் சேர்ந்த ஒட்டுச்சொல். கதைக்குள் அது ஓடோ தீவு மக்களின் பழங்கதையில் வரும் கடற்பூதத்தின் பெயர். 'காட்ஸில்லா' என்ற எழுத்துக்கூட்டலில் ஆங்கிலக் கடவுள் வந்து உட்கார்ந்ததால், தெய்வம் என்ற பொருளில் வைத்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். ஜப்பானிய ஒலியை ரோமன் எழுத்தில் கூட்டியபோது நேர்ந்த தற்செயல் அது.

இதைவிட வேடிக்கை இரண்டாம் படத்துக்கு நடந்தது. 1955இல் எடுத்ததை 1959இல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள், நன்றாக ஓடிய பெயரை விட்டுவிட்டுப் பூதத்துக்கு 'ஜைகாண்டிஸ்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் தெரிந்த பூதத்தை யாருக்கும் தெரியாத பூதமாக்கி விற்ற வியாபார சாமர்த்தியம்!

## பெயரால் வந்த வழக்குகள்

இதெல்லாம் சினிமாப் பித்தர்களின் வீண் வம்பு என்று தோன்றலாம். பணம் புழங்கும் இடத்தில் அப்படி இல்லை.

1. பெயரை மாற்றினால் தப்பலாமா? 1922 படக்குழு டிராகுலாவை ஓர்லோக் ஆக்கியது. நாவலில் வரும் ஹார்க்கரை ஹட்டர் ஆக்கியது. ஆனால் டைட்டிலில், ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்று தாங்களே போட்டும் விட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குத் தொடுத்தார். 1925இல் பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவானது. தப்பித்த சில பிரதிகளால்தான் படம் இன்று இருக்கிறது.

2. பெயர் பொது, முகம் தனியார். ஷெல்லியின் நாவலுக்குக் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிறது. யார் வேண்டுமானாலும் ஃப்ராங்கன்ஸ்டைன் படம் எடுக்கலாம். ஆனால் ஜாக் பியர்ஸின் தட்டைத் தலையும் ஆணியும் யுனிவர்சலுக்கு உரியவை. 1957இல் ஹாமர் வேறு மாதிரி ஒப்பனை தேடியதற்கு அந்த அச்சமே காரணம். 2025 படத்தின் பூதத்துக்கும் கழுத்தில் ஆணி இல்லை.

3. தலைப்பு மாற்றி உரிமை இழந்தவர்கள். ஜார்ஜ் ரொமெரோவின் 1968 படமான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'தான் இன்றைய ஸோம்பிப் படங்களுக்கெல்லாம் தாய். அந்தப் படத்தில் ஸோம்பி என்ற சொல் ஓர் இடத்திலும் வராது, பிணந்தின்னிகள் என்றே சொல்வார்கள். ஸோம்பி ஹைட்டி நாட்டு நம்பிக்கையிலிருந்து வந்த சொல், பார்த்தவர்கள் பின்னால் ஒட்டியது. வெளியிடும் முன் விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றினார். புதுத் தலைப்பு அட்டையில் காப்புரிமை வரியைச் சேர்க்க மறந்தார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமை இல்லை. படம் முதல் நாளே பொதுச்சொத்தானது.

4. காங் யாருடையது? 1933 படத்தில் தீவு மக்கள் அந்தக் குரங்கை காங் என்று மட்டுமே அழைப்பார்கள். 'கிங்' என்பது நியூயார்க்கில் காட்சிக்கு வைத்து டிக்கெட் விற்க அதைப் பிடித்து வந்தவன் சூட்டிய பட்டம். 1982இல் யுனிவர்சல், 'டாங்கி காங்' வீடியோ கேம் தன் கிங் காங் உரிமையை மீறுகிறது என்று நின்டெண்டோ மேல் வழக்குப் போட்டது. விளையாட்டை உருவாக்கிய மியாமோட்டோ, ஜப்பானில் முரட்டுக் குரங்குக்கெல்லாம் வழங்கும் பொதுப்பெயர்தான் அது என்றார். இயற்பெயர் கடல் தாண்டி இனப்பெயராகிவிட்டிருந்தது. அதைவிடப் பெரிய அடி யுனிவர்சலின் பழைய வாயிலிருந்தே வந்தது. 1970களில் வேறொரு நிறுவனத்தோடு நடந்த வழக்கில், கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை என்று வாதாடியதே யுனிவர்சல்தான். நீதிமன்றம் அதை நினைவூட்டி வழக்கைத் தள்ளியது.

வென்ற களிப்பில் நின்டெண்டோ தன் வழக்கறிஞர் ஜான் கிர்பிக்கு ஒரு பாய்மரப் படகைப் பரிசளித்தது. படகின் பெயர் 'டாங்கி காங்'. பாய்மரப் படகுகளுக்கு அந்தப் பெயரை உலகமெங்கும் பயன்படுத்தும் தனியுரிமையும் அவருக்கே என்று எழுதிக் கொடுத்தார்கள்.